அண்ணை கடைந்த இடியப்ப உரல்கள்

எங்கள் அண்ணை எங்களைப் பிரிந்து ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும்படி அண்ணி கேட்டபோது, "எனக்கு ஏலாது அண்ணி, நான் எட்டாம் வகுப்போடை நிண்டவள்" என்று சொல்லிப் பார்த்தேன். "நீதானே அவரோடை நெடுகச் சண்டை பிடிச்சனி, நீயே எழுது" என்று விட்டார். யாருடைய மனமாவது நொந்துவிடுமோ என்ற பயத்துடனேயே எழுதுகிறேன்.

அண்ணை யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்தவர். எங்கள் வீட்டில் மூத்தவர் அவர், கடைசி நான். எங்களைப் பெற்ற ஐயா இளவயதிலேயே போய்விட்டதால், படிப்பை விட்டு ஒரு இரும்பு வேலைத்தலத்தில் லேத் என்ற கடைசல் இயந்திரம் இயக்கப் பழகினார். நாட்டுப் பிரச்சினை முற்றியதும் எண்பதுகளின் நடுவில் லண்டன் வந்து, இங்கும் ஒரு தொழிற்சாலையில் அதே வேலையைப் பிடித்தார். ஊரிலிருந்து அண்ணியையும் பிள்ளைகளையும் எடுப்பித்தார்; பிறகு என்னையும் எடுப்பித்தார். லண்டனில் குட்மேய்ஸ் வீட்டில் எல்லோரும் ஒன்றாகவே இருந்தோம். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர். ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். அந்தப் பிடிவாதத்தோடுதான் எனக்கு மல்லுக்கட்டு.

அண்ணி ஒரு லோண்டரியில் உடுப்புகளுக்கு ஸ்திரிக்கை போடும் வேலை செய்து, மணிக்கட்டுகள் வீங்கி, ஒரு கையில் ஒப்பரேஷனும் செய்ய வேண்டி வந்தது. அதன் பிறகு இடியப்பம் பிழிவது அவரால் முடியாமல் போனது. கடையில் விற்ற பித்தளை உரலைத் திருகவே கை இடம் கொடுக்கவில்லை. நான் பிழிந்து கொடுத்தேன். "என்ரை குசினியிலை நான் ஏன் சும்மா நிக்கிறன்?" என்று அண்ணி ஒரு நாள் அழுதுவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற அண்ணை, "உன்ரை கைக்கு ஏத்த மாதிரி நான் ஒண்டு கடைஞ்சு தாறன்" என்றார். அன்று பிடித்தது சனி.

மரம் கடையும் பழைய லேத் ஒன்றைத் தேடிப் பிடித்து, வளவில் இருந்த மரக் கொட்டிலில் பூட்டினார். மின்சாரக் கம்பி தீப்பிடிக்குமோ, கவுன்சில்காரர் வந்து நிற்பார்களோ, விரல் போய்விடுமோ என்று எனக்கு நித்திரை இல்லை. டொக்வுட் என்ற செடியின் கட்டை நல்ல வைரம், சிலும்பு எழும்பாது, மணமும் இல்லை என்று கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார். பூங்காவில் வேலிச் செடிகளை வெட்டும்போது அண்ணை போய் அடிக்கட்டைகளைக் கேட்டு வாங்கி வருவார்.

"டொக் எண்டால் நாயெல்லோ? நாய் மரத்திலையோ எனக்கு இடியப்பம்?" என்று அண்ணி சிரித்தார்.

அந்தக் கட்டை காய்வதற்குள் எங்கள் பொறுமை காய்ந்தது. நிழலில் கிடந்து மெல்ல உலர வேண்டியதை, அவசரத்தில் வீட்டு ரேடியேட்டர்களின் மேல் அடுக்கினார். இருந்தாற்போல் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் தலையிலிருந்து அடிவரை வெடித்திருக்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்புக் காயப்போட இடமில்லை. "அண்ணை, உந்தக் கட்டையளை விட்டிட்டு வேறை வேலையைப் பாருங்கோவன்" என்பேன். "பொறு பிள்ளை, இன்னும் ஒண்டு" என்பார்.

வெடிக்காமல் தப்பியவற்றில் வேறு வில்லங்கம். கீழே மா நிரப்பும் உரலைப் பீச் என்ற காட்டு மரத்தில் கடைவார். அதற்குள் இறங்கும் மேற்கட்டைதான் டொக்வுட். நீளமான கைபிடி வைத்தார். அண்ணி உள்ளங்கையால் அமத்தினால் போதும். ஆனால் இரும்பு கடைந்த கை அல்லவா, இரண்டுக்கும் நடுவே தலைமயிர் போகாத இறுக்கம் வைத்தார். இரும்பென்றால் கடைந்த அளவில் நிற்கும். மரத்துக்கு அவித்த மாவின் சூடும் ஈரமும் பட்டால் ஊதும். ரெய்னர்ஸ் லேனில் சித்தியின் மகள் வீடு குடிபுகுந்த அன்று புது உரலைக் கொண்டுபோனோம். இரண்டு தட்டுப் பிழிந்ததும் மேற்கட்டை இறுகி, இழுக்கவும் வராது, அமத்தவும் போகாது.

"தம்பி, இடியப்பம் பிழியத் தாவெண்டால் மாவைப் பூட்டி வைக்க லொக்கர் எல்லோ செய்து தந்திருக்கிறாய்!" என்று சித்தி கத்த, வீடே சிரித்தது. அண்ணையும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை; வீடு திரும்பும் வழியில் தொடங்கினேன்.

"கொஞ்சம் லூசாய் விடுங்கோவன் அண்ணை."

"லூசாய் விட்டால் மா மேலாலை வரும் பிள்ளை. உனக்கு உது விளங்காது."

லூசாக விட்டும் பார்த்தார். மா மேலால் வந்தது. தொழிற்சாலை மூடி, பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலைக்குப் போன காலத்திலும் கொட்டிலை விடவில்லை. உங்களில் பலரின் வீட்டில் அவர் தந்த உரல் இருக்கும். எத்தனை பேர் அதைப் பாவிக்கிறீர்கள் என்று கேட்க எனக்குப் பயம்.

போன மாசியில் ஒரு காலை, வேலைக்குப் புறப்பட்டவர் வாசலில் சரிந்தார். மாரடைப்பு என்றார்கள். ஒரு சொல் பேச அவகாசம் கிடைக்கவில்லை.

அன்று அம்புலன்சுக்கு போன் அடித்து, எங்களோடு வைத்தியசாலைவரை வந்த அடுத்த வீட்டு வெள்ளைக்கார அம்மாவை மறக்க முடியாது. அந்த லேத் சத்தத்தை இத்தனை வருடம் பொறுத்தவரும் அவரே. கிரியைகளுக்கு முன்னின்ற உறவினர், அண்ணையின் ஷிப்டைத் தாங்கள் செய்து சம்பளத்தை அண்ணியின் கையில் கொடுத்த நண்பர்கள், வெஸ்ட் ஈலிங் கோயிலில் அவருக்காக அர்ச்சனை செய்வித்தவர்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று சமைக்க வந்த பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று நடந்ததை அவர்கள் கண்டார்கள்.

கொட்டிலில் அண்ணை கடைந்து முடித்திருந்த ஒரு உரல் இருந்தது. படையலுக்கு அதில்தான் பிழிவேன் என்று அண்ணி நின்றார். முதல் தட்டு இழை இழையாக விழுந்தது. "கை நோகேல்லையடி" என்று என்னைப் பார்த்தார். இரண்டாவது தட்டும் நிரம்பியது. மூன்றாவதில் பாதி வழியில் கட்டை இறுகி நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரோடு சண்டை பிடிப்பது? சித்தப்பா சுத்தியலைத் தூக்கினார். அண்ணி உரலைப் பறித்து, மாவோடு அப்படியே கொண்டுபோய்ப் படையல் வாழையிலையில், இடியப்பத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஒருத்தரும் தட்டக் கூடாது. இறுக்கினவர் வந்து கழட்டட்டும்."