டிரைவர் அண்ணன் வாங்கிய சர்வீஸ்

தொண்ணூறுகளின் நடுவில் நான் விழுப்புரம் டிப்போவில் கண்டக்டர். கல்லூரிக் காலத்திலிருந்தே வாலிபால் ஆடியவன். வேலைக்கு வந்த மூன்றாம் வருஷம் ஒரு மேட்சில் எகிறி அடித்துவிட்டுக் கீழே இறங்கும்போது வலது முட்டி திரும்பிக்கொண்டது. அதோடு ஆட்டம் முடிந்தது. டிப்போ டீமில் இருந்தவர்கள், "நீ வெளியே நின்னு கோச்சிங் குடு" என்றார்கள். ஒரு விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் டீமுக்கு ஒரே ஒரு வியாதிதான். எதிரணியின் சர்வீஸை ஒழுங்காக வாங்கத் தெரியாது. வருஷா வருஷம் திண்டிவனம் டிப்போவோடு மோதுவோம், வருஷா வருஷம் தோற்போம். அங்கே ஒல்லியாக, உயரமாக ஒருவர் இருந்தார். அவர் போடும் பந்து சுழலாது, காற்றில் அப்படியும் இப்படியும் ஆடிக்கொண்டே வரும். எங்கள் ஆள் கையில் பட்டதும் கோர்ட்டை விட்டு எங்கேயோ போய் விழும். முதல் பந்தை நெட்டுக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் சேர்த்தால்தானே அவர் தூக்கிக் கொடுக்க முடியும்? எங்களிடம் அடிப்பதற்கு நல்ல ஆள் இருந்தார். அவர் கைக்குப் பந்துதான் வராது.

திண்டிவனத்துக்காரர் குறிபார்த்துப் போடுவது எப்போதும் ஒருவரைத்தான். அவர் எங்கள் கேப்டன். நாற்பத்தேழு வயது. கண்டாச்சிபுரம் வண்டியின் டிரைவர். அந்த வண்டிக்கு நான்தான் கண்டக்டர்.

பிராக்டிஸில் அவரைப் பார்த்து "கை! அண்ணே, கை!" என்று ஒரு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தேன். ஒன்றும் மாறவில்லை. டீமில் மற்றவர்கள் என்னைத் தனியாக அழைத்து, "பெரியவர உக்கார வையிப்பா" என்றார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

மறுநாள் கண்டாச்சிபுரத்தில் வண்டி நின்றதும் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நிறுத்துறதுன்னா நிறுத்து தம்பி. ஆனா எது தப்புன்னு சொல்லிட்டு நிறுத்து. கை கைன்னு கத்திக்கினே இருக்கியே, கையில இன்னா தப்பு?"

தப்பு என்று தெரிந்தது, என்ன தப்பு என்று தெரியவில்லை. ஒரு மாதம் விசில் ஊதியவனுக்கு இதைவிட வெட்கம் வேண்டாம்.

"தெரியலண்ணே" என்றேன். "பாத்துச் சொல்றேன்."

திரும்பிக் கிளம்பும் முன் வண்டி அங்கே இருபது நிமிஷம் நிற்கும். அடுத்த நாளிலிருந்து என் சீட்டுக்கு அடியில் ஒரு பந்தைப் போட்டுக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் நான் பந்தை எறிவேன், அவர் காக்கிச் சட்டையோடு நின்று வாங்குவார். பந்து ஒரு நாள் டீக்கடைக் கூரைமேல் போனது. இன்னொரு நாள் வேறொரு வண்டியின் மேலேயே ஏறிவிட்டது. வண்டிக்குக் காத்திருந்த ஜனங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கக் கூடையோடு தினமும் எங்கள் வண்டியில் வரும் அக்கா ஒருத்தி பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்தாள்.

"இன்னா டிரைவரே, பந்து உங்கள இன்னா பண்ணுச்சி? அதப் போயி அந்த அடி அடிக்கிறீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பந்து வந்து சேரும் முன்பே அவர் இரண்டு கைகளையும் கீழிருந்து மேலே வீசிக்கொண்டிருந்தார். வேகமாக வரும் பந்தை இன்னும் வேகமாக அடித்துத் துரத்திக்கொண்டிருந்தார். ஏன் வீசுகிறார் என்று கவனித்தேன். முட்டி மடங்கவே இல்லை. இரும்புக் கம்பிபோல நின்ற கால்கள் செய்ய வேண்டிய வேலையைக் கைகள் செய்தன. நான் ஒரு மாதமாகக் கத்தியது தப்பான இடத்தைப் பார்த்து.

டீக்கடை பெஞ்சை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன்.

"கைய சேத்து முன்னாடி நீட்டி வெச்சிக்குங்க. அசைக்கவே கூடாது. பந்து வர்றப்போ எழுந்திருங்க, அவ்ளோதான்."

"எழுந்தா போதுமா?"

"போதும்ண்ணே."

எறிந்தேன். எழுந்தார். பந்து அவருடைய முன்கையில் பட்டு, மெதுவாக மேலே போய், நான் நின்ற இடத்துக்கே, என் நெஞ்சுக்கு நேராக வந்தது. நான் ஒரு அடிகூட நகரவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இன்னொண்ணு போடு" என்றார்.

அதன்பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. வண்டி நின்றதும் என்னை முந்திக்கொண்டு இறங்குவார். பெஞ்சிலிருந்து பத்து நாள். பிறகு பெஞ்சை எடுத்துவிட்டேன், உட்கார்ந்தமாதிரியே நின்றார். பிறகு பக்கவாட்டில் தள்ளி எறிந்தேன், ஓடிப்போய் உட்கார்ந்தார். பயணிகள் சத்தம்போட்டு எண்ணுவார்கள். தரையில் விழாமல் நாற்பது வரை போன அன்று கைதட்டினார்கள். ஒருநாளும் வண்டியை லேட்டாக எடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

டீமில் மற்றவர்களையும் பெஞ்சில் உட்காரவைத்தேன். எங்கள் அடிப்பவர் மட்டும், "இது இன்னா சார், வயசானவங்களுக்கு எக்சர்சைஸ் மாதிரி" என்று நழுவிவிட்டார். அவர் டிப்போ ஒர்க்‌ஷாப்பில் டெக்னீஷியன், இளரத்தம்.

அந்த வருஷ மேட்ச் திண்டிவனத்தில். ஊரே கூடியிருந்தது. அந்த உயரமான ஆள் முதல் சர்வீஸை, வழக்கம்போல, எங்கள் கேப்டனைப் பார்த்துத்தான் போட்டார். பந்து ஆடிக்கொண்டே வந்தது. கேப்டன் ஓரடி வலது பக்கம் போய் உட்கார்ந்து எழுந்தார். பந்து நெட்டுக்குப் பக்கத்தில் நின்றவரின் விரல்களில் போய் இறங்கியது. தூக்கல், அடி. திண்டிவனத்துக்காரர் எங்கள் கேப்டனை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார்.

இரண்டு முறை முயன்றுவிட்டு, கெட்டிக்காரர், ஆளை மாற்றிவிட்டார். இப்போது குறி எங்கள் டெக்னீஷியன். பெஞ்சில் உட்காராதவர். பந்து அவர் கையில் பட்டுப் பட்டு வெளியே பறந்தது. முதல் செட் போனது.

நான் பேச வாயெடுப்பதற்குள் கேப்டன் அவர் தோளில் கைவைத்தார்.

"நீ அடிக்கிறத மட்டும் பாரு. வாங்குறத நான் பாத்துக்கறேன். நவுந்து நில்லு."

நாற்பத்தேழு வயதில் முக்கால் கோர்ட்டைத் தனதாக எடுத்துக்கொண்டார். எங்கே போட்டாலும் அங்கே இருந்தார். இரண்டாம் செட் எங்களுடையது.

அப்போதெல்லாம் எங்கள் பக்கத்து மேட்சுகளில் சர்வீஸ் கையில் இருக்கும் டீமுக்குத்தான் பாயிண்ட். மூன்றாம் செட்டில் அவர்கள் பதினான்கு, நாங்கள் பன்னிரண்டு. இன்னும் ஒன்று எடுத்தால் அவர்களுக்கு வெற்றி. சர்வீஸ் போட வந்தவர் அந்த உயரமான ஆள். சுற்றிலும் ஒரே விசில். பந்து நெட்டை உரசுவதுபோல வந்து சட்டென்று தணிந்தது. எங்கள் கேப்டன் கிட்டத்தட்ட தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். விழுந்தது என்றுதான் நினைத்தேன். அவர் முன்கையிலிருந்து பந்து மெல்ல எழும்பியது. தூக்கினார்கள். டெக்னீஷியன் அடித்த அடியில் புழுதி கிளம்பியது.

சர்வீஸ் எங்கள் கைக்கு வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, திண்டிவனத்துக்காரர்கள் இத்தனை வருஷமாகச் சர்வீஸ் போடத்தான் பழகியிருந்தார்கள், வாங்கப் பழகவில்லை. எங்கள் ஆள் போட்டது சாதாரண சர்வீஸ். பதற்றத்தில் அவர்கள் கை வீசினார்கள். பதின்மூன்று. பதினான்கு. பதினைந்து. பதினாறு. கடைசிப் பந்து அவர்கள் கையில் பட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வலிக்கும் முட்டியோடு கோர்ட்டுக்குள் ஓடியது நினைவிருக்கிறது. அந்த உயரமான ஆள் நெட்டுக்கு அடியில் குனிந்து வந்து எங்கள் கேப்டனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கண்ணே கத்துக்கினீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல" என்றார் கேப்டன்.

அவர் கேலி செய்வதாக அந்த ஆள் நினைத்திருக்க வேண்டும்.

திரும்பும்போது வேறொருவர் வண்டி ஓட்டினார். பின்னால் ஒரே பாட்டும் கும்மாளமும். கேப்டன் கோப்பையை டெக்னீஷியன் மடியில் வைத்துவிட்டு ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டு முன்கைகளும் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிவந்து தடித்திருந்தன. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு அவற்றை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காற்றில் காட்டிக்கொண்டே வந்தார்.

"எரியுதாண்ணே?" என்றேன்.

"நல்லா எரியுது" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.