நல்ல தண்ணி

எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர் இருந்தது. உப்புத் தண்ணி, நல்ல தண்ணி. ஜெகதாப்பட்டினத்துக் கடல் சைக்கிள் மிதித்துப் போகிற தூரத்தில் இருந்ததால், கொல்லையில் போட்ட போர்வெல் உப்புத் தண்ணியைத்தான் தந்தது. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ அது போதும். அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. நல்ல தண்ணி தெருக்குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். பஞ்சாயத்துத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டித்தான் திறந்துவிடுவார்கள். குடத்தைத் தூக்கும்போதே அந்த வாடை மூக்கில் ஏறும். அந்த வாடை அடித்தால்தான் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம் என்பாள் அம்மா. அம்மா மட்டுமல்ல, எங்கள் தெருவே அப்படித்தான் நம்பியது.

சவுதியில் வேலை பார்த்த அப்பா, நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது லீவில் வந்தார். கம்பி கட்டுகிற வேலை. திரும்பிப் போவதற்குச் சில நாட்கள் முன்பு புதுக்கோட்டைக்குப் போனவர், மடியில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்துக்கொண்டு, பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தார். பாலித்தீன் பையில் நான்கு மீன்கள். இரண்டு ஆரஞ்சு நிறம், ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. கறுப்பு மீனுக்குக் கண்கள் பிதுங்கி வெளியே நிற்கும். பஞ்சு வைத்த ஒரு சின்ன மோட்டாரும் இருந்தது. தண்ணீரை உறிஞ்சி, பஞ்சு வழியாக வடிகட்டி, குமிழியோடு வெளியே விடும்.

அங்கே அவர் வேலை செய்த ஒரு பெரிய வீட்டின் சுவரிலேயே மீன் தொட்டி பதித்திருந்ததாம். அதைப் பார்த்ததிலிருந்து தன் வீட்டிலும் ஒன்று வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"அதெப் பாத்துக்கிட்டே இருந்தா நெஞ்சுல இருக்குற பாரமெல்லாம் எறங்குது புள்ள" என்று அம்மாவிடம் சொன்னார். என்ன பாரம் என்று அம்மா கேட்கவில்லை. தொட்டியை எங்கே வைப்பது என்றுதான் கேட்டாள்.

ஊரே சிரித்தது. விசைப்படகு நிறைய மீன் வந்து இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, விரல் நீள மீனைக் காசு கொடுத்து வாங்கி வந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? பக்கத்து வீட்டு அத்தை கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கொழம்புக்கும் ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது. இதெ எதுக்குண்ணே தூக்கிக்கிட்டு வந்தீங்க?" என்றாள். ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த சித்தப்பாதான் எல்லோரையும் மிஞ்சினார். "செத்துருச்சுன்னா கவலப்படாதீங்க மதினி. ஒரு வார்த்த சொல்லுங்க, ஐஸ் போட்டு வெச்சுருவோம். அண்ணன் அடுத்த லீவுக்கு வர்ற வரைக்கும் கெடாது."

அப்பாவும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் கிளம்பும்போது பெட்டியைத் தூக்கியவர் தொட்டியின் முன்னால் ஒரு நிமிடம் நின்றார். "நான் வர்ற வரைக்கும் பாத்துக்க" என்றார். அம்மா தலையாட்டினாள். அவர் மீனைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து என்றுதான் அம்மா எடுத்துக்கொண்டாள் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த வாரமே தண்ணீர் வெளுத்தது. வடிகஞ்சி கலந்ததுபோல் மங்கலாக, எதிர்ப்பக்கச் சுவர் தெரியாத அளவுக்கு. அம்மா பதறிவிட்டாள். மீன்களை ஒரு கிண்ணத்தில் பிடித்துப் போட்டு, தண்ணீரை முழுக்கக் கொட்டி, தொட்டியைத் தேய்த்தாள். அடியில் கிடந்த கூழாங்கற்களை அரிசி களைவதுபோல் களைந்தாள். பஞ்சு பழுப்பேறியிருந்தது. அதில் வழவழவென்று ஏதோ படிந்திருந்ததைக் கண்டு முகத்தைச் சுளித்து, வெள்ளை வெளேரென்று ஆகும்வரை பிழிந்து அலசினாள். பிறகு அப்போதுதான் குழாயில் பிடித்து வந்த நல்ல தண்ணியைக் குடத்தோடு ஊற்றினாள். தொட்டி கண்ணாடிபோல் மின்னியது. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெருமையாகப் பார்த்தாள்.

மறுநாள் ஓர் ஆரஞ்சு மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது.

அதைத் தாளில் சுற்றிக் கொல்லையில் எலுமிச்சைச் செடியடியில் புதைத்தோம். நான் அழுதேன். மத்தியானம் நெத்திலிக் குழம்பு. அழுத கண்ணோடு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அதிலொன்றும் எனக்கு வினோதமாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அப்பா போன் செய்வார். அம்மா ஸ்பீக்கரில் போடுவாள், நானும் கேட்பதற்காக.

"தண்ணி மாத்துறியா?"

"மாத்துறேங்க. கண்ணாடி மாதிரி கெடக்கு."

"நல்ல தண்ணிதானே?"

"நல்ல தண்ணிதாங்க. உப்புத் தண்ணி ஒரு சொட்டு படவிடல."

"மீனு?"

அம்மா என்னைப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க. நீங்க?"

"எனக்கென்ன, நல்லா இருக்கேன்."

"வெயிலு கூடவாமே? தண்ணி நெறயா குடிங்க."

"இங்க தண்ணிக்கா பஞ்சம்? பாட்டில் தண்ணி. குடிச்சுக் குடிச்சு வயிறுதான் வீங்குது" என்று அப்பா சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

தண்ணீர் மறுபடி வெளுத்தது. அம்மா மறுபடி கழுவினாள். வெள்ளை மீன் போனது. மங்கல் வருவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்து, தினமும் மாற்றத் தொடங்கினாள். அதற்கு நல்ல தண்ணி போதவில்லை. எனக்குப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் பாட்டிலைத் தவிர மற்றெல்லாவற்றிலும் மிச்சம் பிடித்தாள். உலை வைக்க உப்புத் தண்ணி. சோறு கரித்தது. குழாயடியில் ஒரு நாள் கூடுதலாக ஒரு குடத்தை நீட்டியபோது பின்னாலிருந்து ஒருத்தி, "மனுசனுக்கே பத்தல, மீனுக்குக் கேக்குதா நல்ல தண்ணி? புருசன் சவுதில இருந்தா இப்பிடித்தான்" என்றாள். யாரிடமும் ஒரு சொல் வாங்காத அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் குடத்தை எடுக்கவில்லை. நிரம்பும்வரை நின்று தூக்கி வந்தாள்.

மீதி இரண்டும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்து இன்னும் தீனி போட்டோம். கறுப்பு மீன் கற்களின் மேல் உடம்பை உரசியது. "அம்மா, அது முதுகு சொறியுது" என்று நான் கைகொட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. கற்களில் அழுக்கு என்று எண்ணி ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கழுவினாள். "என்னத்தடி கொறயா வெச்சேன்?" என்று கேட்டாள். என்னைக் கேட்டதுபோலவும் இருந்தது, கல்லைக் கேட்டதுபோலவும் இருந்தது.

அவள் குறையாக எதையும் வைக்கவில்லை. அதுதான் விஷயம். இப்போது என் மகளுக்கும் அதே வயது. மீன் தொட்டி வேண்டும் என்று அடம்பிடித்து வாங்க வைத்தாள். எதையும் படிக்காமல் தொடங்கப் பயந்து, கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் தண்ணீரில் நஞ்சாகும், அந்த நஞ்சு கண்ணுக்குத் தெரியாது என்றார்கள். பஞ்சிலும் கல்லிலும் படிகிற அந்த வழவழப்பில்தான் நஞ்சைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர்கள் வளர்கின்றன, அவை வளர்வதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதுவரை தண்ணீர் ஒருமுறை வெளுத்துத் தானாகவே தெளியும் என்றார்கள். பிளீச்சிங் கலந்த தண்ணீரை அப்படியே ஊற்றினால் மீனின் செவுள் வெந்துபோகும், அந்த நுண்ணுயிர்களும் சாகும் என்றார்கள். படித்ததும் கையில் இருந்த போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏதாவது ஓர் இடத்திலாவது வேறு மாதிரிச் சொல்லியிருக்க மாட்டார்களா என்று பிறகும் தேடினேன். யாரும் வேறு மாதிரிச் சொல்லவில்லை.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அம்மா, தொட்டியின் பழுப்புப் பஞ்சைப் பார்த்துவிட்டு, "ஏன்டி இம்புட்டு அழுக்கா வெச்சிருக்க? நான் எப்படி வெச்சிருந்தேன்! அப்படி வெச்சும் தங்கல" என்றாள். "ஆமாம்மா" என்றேன். சொல்லியிருக்க வேண்டுமா, சொல்லாதது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டாவது ஆரஞ்சு மீனும் போனபின், கறுப்பு மீன் மட்டும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. ஒரு காலை அதுவும் அசையவில்லை. அம்மா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். புதைத்துவிட்டு வந்தவள், தொட்டியைக் கழுவி, நல்ல தண்ணி நிரப்பி, மோட்டாரைப் போட்டாள். மீன் இல்லாத தொட்டியில் குமிழிகள் ஏறிக்கொண்டே இருந்தன.

அந்த வெள்ளிக்கிழமை அப்பாவிடமிருந்து போன் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. அதன்பின் அப்பாவுடன் தங்கியிருந்த ஒருவர் பேசினார். அம்மா அப்போது ஸ்பீக்கரில் போடவில்லை.

அப்பா லீவு இல்லாமலே வந்தார். பெரிய பெட்டி இல்லை, சென்ட் பாட்டில் இல்லை. முகமும் பாதங்களும் ஊதியிருந்தன, மற்றபடி மெலிந்திருந்தார். நேராக வந்து தொட்டியின் முன் உட்கார்ந்தார். தெளிந்த தண்ணீர், சுத்தமான கற்கள், வெள்ளைப் பஞ்சு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தண்ணி நல்லாத்தான் இருக்கு புள்ள" என்றார்.

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, "நீங்க ஏங்க சொல்லவே இல்ல?" என்றாள்.

"நீ சொன்னியா?" என்றார் அப்பா.

எனக்கு நினைவு தெரிந்து இருவரும் அதைப்பற்றிப் பேசியது அவ்வளவுதான்.

வெயிலில் நாள் முழுக்க நின்று, தண்ணீர் குடிக்க நேரமில்லாமல், வலிக்கு மாத்திரை போட்டுப் போட்டு, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன. வாரம் இரண்டு முறை புதுக்கோட்டைக்கு பஸ். பள்ளி விடுமுறையில் நானும் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் இயந்திரம் நின்றது. அப்பாவின் கையிலிருந்து ரத்தம் குழாய் வழியே அதற்குள் போய், சுற்றி, திரும்பக் கைக்கே வந்தது. "அப்பாவுக்கும் மோட்டார் வெச்சிருக்காங்களாம்மா?" என்று கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அப்பாதான் கட்டிலில் இருந்தபடி, "ஆமா ஆத்தா. அப்பா இப்ப மீனு" என்றார்.

வீட்டில் அவர் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். உடம்பெல்லாம் அரிக்கும். எனக்குக் கறுப்பு மீன் ஞாபகம் வந்து சிரிப்பேன். அவரும் சிரிப்பார்.

தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குடித்தால் வெளியேற வழியில்லை, நெஞ்சில் கோத்துக்கொள்ளும். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா காலையில் ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீரை ஊற்றி வைப்பாள், அது தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான் என்பது மட்டும். சித்தப்பா சில நாள் ஐஸ் கம்பெனியிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி ஒரு துண்டு எடுத்து வருவார். அம்மா அதை வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் அலசி, சுண்டுவிரல் நகத்தளவு உடைத்து அப்பாவின் நாக்கில் வைப்பாள். சித்தப்பா ஈரச் சாக்கை உதறி மடித்துக்கொண்டு நிற்பார்.

அதற்கடுத்த பொங்கலுக்கு அப்பா இல்லை. நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய கோடையில் ஒரு மத்தியானம். குழாயில் அன்று தண்ணீர் நிறைய வந்திருந்தது. அடுப்படியில் குடங்கள் வரிசையாக நிரம்பி நின்றன. பிளீச்சிங் வாடை வீடு முழுக்க இருந்தது. அப்பா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். உதடு வெடித்திருந்தது.

"ஆத்தா, அம்மாகிட்டச் சொல்லாத. அரை டம்ளர் மோந்துட்டு வா."

டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா குடங்களில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். என் கையில் டம்ளரைப் பார்த்தாள்.

"போ. போயி வெளயாடு."

"அப்பா கேக்குது."

"போன்னு சொல்றேன்ல."

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "விடு ஆத்தா. அம்மா சரியாத்தான் செய்யுது. வா இங்கிட்டு."

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. டம்ளரைத் தரையில் அடித்தேன். "மீனுக்கு மட்டும் கொடங் கொடமா ஊத்துனேல்ல? எங்க அப்பாவுக்கு அரை டம்ளர் தரமாட்டியா?" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. ஒரு குடத்தின் மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி, உருண்டு போன டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் அம்மாவிடம் பதில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.