நான் போட்ட சுவிட்ச்

என் கணவரின் வலக்கையில் இரண்டு விரல்கள் போனது என்னால்தான்.

அவர் அணைத்துவைத்துவிட்டுப் போன ஏ.சி. சுவிட்சை மறுபடி போட்டவள் நான். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவரிடமும்!

விரல்களோடு போயிருந்தால் ஒருவேளை இதை எழுதாமலே இருந்திருப்பேன். விரல்களைவிடப் பெரிய ஒன்றையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க எத்தனையோ சந்தர்ப்பங்கள் கிடைத்தும் கொடுக்கவில்லை. அதைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. நாங்கள் புதுப்பட்டினத்தில் குடியிருந்தோம். மொட்டைமாடியில் நின்றால் சவுக்குத் தோப்புக்கு மேலே கடல் தெரியும். என் கணவர் ராமலிங்கம் ஆராய்ச்சி நிலையத்தின் பராமரிப்புப் பிரிவில் ஃபோர்மன். பெரிய மோட்டார்களைப் பிரித்து வேலை செய்ய ஆட்கள் போகுமுன், மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிட்டதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. பார்த்து, சுவிட்சில் சிவப்பு அட்டையை மாட்டி, ‘கை வைக்கலாம்’ என்பார். அவர் சொன்னால்தான் கை வைப்பார்கள். ராமலிங்கம் சார் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் இன்னொரு தடவை பார்க்கமாட்டார்கள்.

அப்படிப்பட்ட மனிதரை நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள்...

அந்த ஊரின் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கதவின் கீல் என்று எல்லாம் துருப்பிடித்து உதிரும். வீட்டின் பின்சுவர் ஓரமாக இரும்பு ஸ்டாண்டின்மேல் இருந்த ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்குள் மணலும் சவுக்கு ஊசிகளும் போய் அடைத்துக்கொள்ளும். மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னால் கேட்கமாட்டார். கோடை வந்ததும் தானே உட்கார்ந்து சுத்தம் செய்வார்.

அதை ஒரு பூஜையைப் போலச் செய்வார். முதலில் படுக்கையறைக்குள் போய் சுவிட்சை அணைப்பார். பின்பக்கம் வந்து, விசிறி அசையாமல் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகே வலைக்கூட்டைக் கழற்றுவார். குப்பையைக் கையால் எடுத்துவிட்டு, மெல்லிய தகடுகள் வளைந்துவிடாதபடி பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தூசியை இழுப்பார். குழாய்த் தண்ணீரை வேகமில்லாமல் விட்டு, இன்னொரு முறை பிரஷ்ஷை ஓட்டுவார். எல்லாம் காய்ந்து, கூட்டை மறுபடி மாட்டியபிறகுதான் மின்சாரம்.

வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொரு முறையும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்.

“வசந்தா, நான் பின்னாடி இருக்கேன். சுவிட்ச் ஆஃப்ல இருக்கு. நான் வந்து சொல்ற வரைக்கும் தொடாத.”

அன்றைக்கும் சொன்னார். என் காதில் விழுந்தது. தெளிவாக விழுந்தது!

நான் பதில் சொல்லவில்லை. முந்தின நாளிலிருந்தே அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தேன். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். மதுராந்தகத்திலிருந்து என் அக்கா குடும்பத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. “உங்க அக்கா வந்தா அவங்கதான் பேசுவாங்க, நமக்கெல்லாம் லீவு” என்று சாப்பிடும்போது சொல்லிவிட்டுச் சிரித்தார். வெறும் கேலி. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். காலையில் காப்பியைக்கூட டங்கென்று வைத்துவிட்டு வந்தேன்.

அக்கா வருவதற்குள் அறை குளிர்ந்திருக்கவேண்டும் என்பதற்காகத்தான் அவர் வெளிப்பெட்டியைச் சுத்தம் செய்யவே உட்கார்ந்தார் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் என் கோபம் இறங்கவில்லை. என்ன கோபம் அது!

செங்கல்பட்டில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பதாக அக்கா பூத்திலிருந்து போன் செய்தாள். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். வீடோ அடுப்பாய்க் கொதித்தது. பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. முடித்துவிட்டார் என்று நினைத்தேன். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சமையலறை ஜன்னலைத் திறந்து, ‘ஆச்சா?’ என்றால் போதும். ஆனால் முதலில் வாய் திறந்தால் நான் இறங்கிவந்ததாக ஆகிவிடுமே... அதனால் கேட்கவில்லை. படுக்கையறைக்குள் போய் சுவிட்சைப் போட்டேன். ரிமோட்டையும் அழுத்தினேன்.

அந்தப் பெட்டி உடனே ஓடாது. மின்சாரம் வந்தபிறகு கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு, பிறகுதான் கிளம்பும். நான் சமையலறைக்குத் திரும்பி வந்து வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன்.

அந்த இடைவெளியைப் பற்றித்தான் என்னையே நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்ததா? பிரஷ் தகட்டில் உரசும் அந்தச் சரசரப்பு... கேட்டது என்று சில நாள் தோன்றுகிறது. கேட்கவே இல்லை என்று சில நாள் சத்தியம் செய்யத் தோன்றுகிறது. கேட்டிருந்தால்? கேட்டும், ஓடிப்போய் அணைக்காமல், வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றால் நான் யார்?

எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு விசிறி ஓடத் தொடங்கும் சத்தம்... எதிலோ தட்டுப்பட்டது போல ஒரு சத்தம்... அவர் குரல்.

ஓடிப்போய் முதலில் சுவிட்சை அணைத்தேன். பிறகுதான் பின்பக்கம் ஓடினேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடக்கையால் வலக்கையைப் பிடித்திருந்தார். அவர் சட்டை, தரை, அந்த வெள்ளைப் பெட்டி... வேண்டாம். அதற்குமேல் எழுத முடியவில்லை.

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் தனபால்தான் சுவரேறிக் குதித்து வந்தார்.

“துணி எடுக்கா! பெரிய துணியா எடு! சார், கைய மேல தூக்கு. கீழ எறக்காத... இன்னா சார் நீ, ஊருக்கே சொல்ற ஆளு! உனுக்கா இப்டி ஆவணும்!”

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பறந்தது. அவர் தலை என் தோளில் கிடந்தது. முகம் வெளுத்து, உதடு காய்ந்து, அந்த நிலையிலும் ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்டார்.

“ஆஃப் பண்ணிட்டுத்தான வசந்தா வந்தேன்? நான் ஆஃப் பண்ணேனே...”

“பேசாதீங்க. இப்ப எதுவும் பேசாதீங்க.”

அதுதான் நான் அவரோடு பேச்சைத் தொடங்கிய முதல் வாக்கியம்.

ஆட்டோவிலேயே சொல்லியிருக்கவேண்டும். ‘நான்தாங்க போட்டேன்’ என்று இரண்டே சொல். அப்போது சொல்லியிருந்தால் அது ஒரு விபத்து. அவர் மன்னித்திருப்பார். மன்னிக்காவிட்டாலும், இரண்டு விரல்களோடு அந்தக் கணக்கு முடிந்திருக்கும்.

மறுநாள் வார்டில் அவரோடு வேலை செய்யும் தாமஸ் வந்தார். நல்ல மனிதர். எப்படி நடந்தது என்று புரியாமல் தவித்து என்னிடம் கேட்டார்.

“சிஸ்டர், நீங்க ஓடுறப்ப சுவிட்ச் ஆன்ல இருந்துச்சா, ஆஃப்லயா?”

“ஆன்லதான் இருந்துச்சு. நான்தான் ஓடிப்போய் ஆஃப் பண்ணேன்.”

கவனித்தீர்களா? ஒரு சொல்கூடப் பொய் இல்லை!

தாமஸ் யோசித்தார். ராத்திரியிலிருந்து ஏ.சி. ஓடிக்கொண்டே இருந்திருக்கும், அறை குளிர்ந்ததும் வெளியே இருக்கும் பெட்டி தானாக நின்றிருக்கும், நின்றதைப் பார்த்து அணைத்துவிட்டோம் என்று சார் நினைத்திருப்பார், சூடு ஏறியதும் அது மறுபடி கிளம்பிவிட்டது... இப்படி அவரே ஒரு கதையைக் கட்டிமுடித்தார். நான் தலையாட்டினேன்.

என் கணவர் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உன்கிட்ட சொல்லிட்டுத்தான போனேன், சுவிட்ச் ஆஃப்ல இருக்குன்னு?”

அவர் கண்களில் ஒரு கெஞ்சல் இருந்தது. தனக்காகச் சாட்சி சொல்ல ஒரே ஒரு ஆள் இருக்கிறாள் என்ற நம்பிக்கை.

“என்னமோ சொன்னீங்க... மிக்ஸி ஓடிட்டிருந்துச்சு. சரியா கேக்கலங்க.”

மிக்ஸி ஓடவில்லை.

அதன்பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. மெதுவாகத் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். விரல்கள் போனபோதுகூட அவர் முகம் அப்படி இல்லை.

அக்கா என் கன்னத்தை வழித்துச் சொன்னாள்: “நீ மட்டும் ஓடி அத நிறுத்தலன்னா கை மொத்தமா பூட்டிருக்கும்டி. நீதான் காப்பாத்திக்கினு வந்த!”

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். நான் அழுதேன். அதையும் அவர்கள் வேறுவிதமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

காயம் ஆறி வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளிலேயே, வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி அவரே கேட்டார். தாமஸ் வீட்டுக்கு வந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

“வீட்ல ஒரு சுவிட்ச அணைக்கத் தெரியாதவன் தாமஸ் நான். நான் ‘கை வை’ன்னு சொல்லி நாளைக்கு ஒரு பையன் கை வச்சா? என் கண்ணையே நான் நம்ப முடியாதப்போ, அவன் எப்படி நம்பலாம்?”

நான் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். உள்ளே போய் என்ன செய்தேன் தெரியுமா? அலமாரியில் மடித்திருந்த துணிகளை எடுத்து மறுபடி மடித்தேன்.

கிடங்கில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக்கொடுக்கும் வேலை அவருக்கு. பிறகு விருப்ப ஓய்வு. எங்கள் மகள் நித்யா கல்லூரியில் சேரும் சமயத்தில் படூரில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். கடல் தள்ளிப்போனது. வேறெதுவும் தள்ளிப்போகவில்லை.

அவர் எதையும் ஒரு தடவை பார்த்து நிறுத்த முடியாதவராகிவிட்டார். கேஸ், குழாய், கதவு, அயர்ன் பாக்ஸ்... பூட்டிவிட்டுப் படி இறங்குவார், ஏறிவருவார், பூட்டை இழுத்துப்பார்ப்பார். மறுபடி இறங்குவார். கடைசியில் என்னைப் பார்ப்பார்.

“வசந்தா, பூட்டிட்டேனா?”

“பூட்டிட்டீங்க.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

அப்போதுதான் மூச்சு விடுவார். அவர் கண்ணைவிட என் கண்ணை நம்பினார்! உலகத்தில் அவர் நம்பக்கூடாத ஒரே கண்...

நித்யாவின் முதல் வேலைக்கான நேர்முகத் தேர்வன்று மூவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். துணைக்கு வருகிறேன் என்று அவர்தான் ஆசையாகக் கிளம்பியிருந்தார். பஸ் தெரிந்ததும் அவர் முகம் மாறியது. “ஹீட்டர்...” என்றார். “ஒரு நிமிஷம்மா, பாத்துட்டு ஓடி வந்துடறேன்.” போய்விட்டார். அவள் ஏறாமல் காத்திருந்தாள். அவர் வியர்த்து வழிய ஓடிவந்தபோது அடுத்த பஸ்ஸும் போயிருந்தது.

“உங்களுக்குப் பைத்தியமாப்பா?” நடுரோட்டில் நின்று கத்தினாள். “ஒரு தடவ மறந்தீங்க, சரி! அதுக்காக வாழ்க்கை முழுக்க எங்க உயிர எடுப்பீங்களா?”

அவர் தலை குனிந்து நின்றார். பள்ளிப் பையன் மாதிரி. “தப்புதாம்மா” என்றார்.

அவர் மறக்கவில்லை! ஒரு தடவைகூட மறக்கவில்லை! என் நெஞ்சுக்குள் இது கூவிக்கொண்டே இருந்தது. வாயோ, “ஆட்டோ பிடிச்சுப் போலாம் வா” என்றது.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பயம் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். வெறும் பயமென்றால் எப்போதோ தேய்ந்திருக்கும். எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிருந்தது... காப்பாற்றியவள், பொறுமைசாலி, கைகுறைந்த கணவனைத் தாங்குகிறவள். அதை விட்டு இறங்க மனமில்லை. அன்று காலை ஒரு வார்த்தை கேட்க இறங்காதவள்தானே நான்!

ஒருமுறை முயன்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம், ஒரு மத்தியானம். அடுப்பருகே நின்று கேஸ் குமிழைத் தொட்டுக்கொண்டே, “மூடியாச்சு... மூடியாச்சு...” என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அந்த முணுமுணுப்பை என்னால் தாங்க முடியவில்லை.

“ஏங்க... அன்னிக்கு நீங்க சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுத்தான் போனீங்க.”

கை அப்படியே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார்.

“எனக்காகச் சொல்ற.”

“இல்லங்க. நிஜமா. ஆஃப்லதான் இருந்துச்சு.”

“அப்ப போட்டது யாரு?”

கோபமில்லை. சந்தேகமில்லை. விடை தெரியாத குழந்தை கேட்பது போலத்தான் கேட்டார். கதவு அவ்வளவு அகலமாகத் திறந்திருந்தது. நான் ஒரு சொல் எடுத்துவைத்திருந்தால் போதும். அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்தது, அதன் சுவைகூடத் தெரிந்தது...

நான் தரையைப் பார்த்தேன்.

“பாத்தியா,” என்றார் மெதுவாக. “வீட்ல நாம ரெண்டு பேர்தான இருந்தோம். வேற யாரு போட்டிருக்க முடியும்?” என் கையை எடுத்துத் தட்டிக்கொடுத்தார், அந்த வலக்கையால். “விடு வசந்தா. இத்தன வருஷம் கழிச்சும் என்னத் தேத்தணும்னு தோணுதே உனக்கு... அது போதும் எனக்கு.”

அவர் கண் கலங்கியிருந்தது. அதை மறைப்பதற்காக அடுப்புப் பக்கம் திரும்பி, பால் பாத்திரத்தை எடுத்தார். அன்றைக்குக் காப்பியை அவரே போட்டார்.

வாங்கிக் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.