மேனேஜரும் பிளேட்லெட் கொடுத்த கதை

கீழ் கோத்தகிரியில் தேயிலை ஃபேக்டரி கிளார்க்கான கொர்னேலியஸ், லீவுக்காக ஒரே சித்தப்பாவை மூன்று முறை சாகடித்தவர். அதனால், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டெங்குவோடு கிடக்கும் ஒரு சிறுமிக்குப் பிளேட்லெட் கொடுக்க வேண்டும் என்று அவர் நிஜமாகவே லீவு கேட்டபோது மேனேஜர் வசந்த்குமார் நம்பவில்லை.

"நானே கூட வர்றேன். பொய்யின்னா வேலை போயிரும்."

ரத்த வங்கியில் நர்ஸ் மேனேஜரிடம், "நீங்களும் குடுக்கறீங்களா சார்?" என்றாள்.

கொர்னேலியஸ் முந்திக்கொண்டார். "அவருக்குத்தானுங்க என்னைய விட ஆசை!"

சிறுமியின் அம்மா எதிரே கைகூப்பி நின்றாள். மேனேஜரால் மறுக்க முடியவில்லை. சோதனையும் சரியாகவே வந்தது. ஊசி ஏறியதும், "ஐயோ அம்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் வராண்டாவில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். ரத்தத்தில் பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியை உடம்புக்கே திருப்பும் இயந்திரம் ஒன்றரை மணி நேரம் சுற்றியது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த கொர்னேலியஸ், "வலிக்குதுங்களா சார்?" என்று பத்து நிமிஷத்துக்கொரு தரம் விசாரித்தார்.

சிறுமி பிழைத்து வீடு திரும்பினாள். செய்தி வந்த அன்றே மேனேஜர் ஃபேக்டரியில் எல்லோரையும் கூட்டி, "எல்லாரும் குடுக்கோணும். துளிகூட வலிக்காதுங்க" என்று அரைமணி நேரம் பேசினார்.

கடைசி வரிசையில் கொர்னேலியஸ் பலமாக இருமினார்.