கவிழ்த்துப் பார்க்கும் கை

கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டை ஒட்டிய மாங்காய் மண்டியில் பஸ்ஸுக்காக ஒதுங்கி நிற்கிறேன். காலையிலேயே மாம்பால் வாடை மூக்கை அரிக்கிறது. எல்லோரும் சரசக்கா என்று கூப்பிடும் பெண்மணி, வந்திறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் சாக்கின் மேல் பதமாகக் கவிழ்த்துத் தரம் பிரிக்கிறார். மேலடுக்கை அவர் பார்ப்பதே இல்லை.

ஒரு பெட்டியின் அடியில் காம்பழுகிய காய்கள். கொண்டுவந்தவர் மழை என்கிறார், பிறகு ரோடு மோசம் என்கிறார், கடைசியில் பெட்டியே பழசு என்கிறார். அக்கா பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிடுகிறார்.

சுவரில் டிவி ஓடுகிறது. வளைகுடாப் பக்கம் படை அனுப்பிய ஓர் அரசின் அமைச்சர், இந்தப் போர் ஏன் என்று விளக்குகிறார். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. அக்கா நிமிராமலே பேசுகிறார்.

"ஏனுங்க, மொதல்ல அங்க ஆயுதம் ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னாங்க. அப்பறம் அந்த ஊர்ச் சனத்தைக் காப்பாத்தப் போறோம்னாங்க. இப்ப எங்க நாட்டுப் பாதுகாப்புங்கறாங்க. காரணம் மாறிட்டே இருந்தா அடியில அழுகல்னு அர்த்தமுங்க."

ஒரு வாரமாக மூன்று பத்திரிகை படித்தும் எனக்கு இதுவரை இது உறைக்கவில்லை. வெட்கத்தோடு அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"அங்கே உங்களுக்கு யாராவது இருக்காங்களா அக்கா?"

"பையன் அங்கதானுங்க ஓட்டல்ல வேலை. நேத்துலேர்ந்து போன் எடுக்கலீங்க."

என் பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. அக்கா அடுத்த பெட்டியைக் கவிழ்க்கிறார்.

"மாங்காய்ன்னா வேண்டாம்னு திருப்பி அனுப்பிடலாமுங்க. விழுந்த குண்டை எந்த லாரில ஏத்தித் திருப்பி அனுப்பறதுங்க?"