கத்ரானாவில் முப்பத்தெட்டு நிமிடம்

2024 ஏப்ரல் 14: 1 மணி 52 நிமிடம். 8 தினார் 640 பில்ஸ்.
2024 மே 6: 2 மணி 3 நிமிடம். 8 தினார் 640 பில்ஸ்.
2024 ஜூலை 9: 2 மணி 11 நிமிடம். 8 தினார் 640 பில்ஸ்.
2024 ஆகஸ்ட் 20: 38 நிமிடம். 6 தினார் 480 பில்ஸ்.

நான்கும் ஒரே காரின் கணக்கு. மஆன் நகரத்துக்கும் தலைநகர் அம்மானுக்கும் இடையே ஆள் ஏற்றும் ஃபலாஹின் மின்சாரக் கார், வழியில் கத்ரானா என்ற ஊரில் வத்ஹாவின் முற்றத்தில் சார்ஜ் ஏற நின்ற நேரமும் அவர் கொடுத்த தொகையும். பாஸ்பேட் சுரங்கத்தின் எடைமேடையில் முப்பத்தொரு வருடம் லாரி எடை எழுதிய நான், இப்போது வத்ஹாவின் நோட்டை எழுதுகிறேன். நேரமெல்லாம் என் கைக்கடிகாரப்படி.

வத்ஹாவுக்கு நாற்பத்தேழு வயது. கணவர் இறந்த மறு வருடம் நாற்பத்திரண்டு ஆடுகளை விற்று, நெடுஞ்சாலை ஓரம் ஒரு சார்ஜ் இயந்திரம் வைத்தார். ஊர் சிரித்தது. "ஆட்டுக்கு நான் தீனி போடணும். இது எனக்குப் போடும்" என்று மட்டும் சொன்னார்.

இயந்திரம் ஒன்று, வயர் இரண்டு. ஒரு கார் நின்றால் முழு வேகம். இரண்டு நின்றால் ஆளுக்குப் பாதி. எண்பது சதவீதத்துக்கு மேல் எந்தக் காரும் மெதுவாகத்தான் குடிக்கும்.

ஜூலை 11 அன்று மஆன் ஓட்டுநர்கள் பதினோரு பேர் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. பெட்ரோல் காரில் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இரண்டு மணி நேரம் உட்கார மாட்டோம் என்று சவாரிகள் இறங்கிப் போகிறார்களாம். செப்டம்பர் முடிவதற்குள் முக்கால் மணிக்குள் சார்ஜ் ஏறாவிட்டால், பதினோரு பேரும் மின்சாரக் காரை விற்றுவிட்டு டீசலுக்குத் திரும்புவார்கள். வத்ஹாவின் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவர்கள்தான். அவர்கள் போனால் இயந்திரமும் போகும். ஆடுகள் ஏற்கெனவே போய்விட்டன.

அம்மானிலிருந்து வந்த ஒருவர் பெரிய இயந்திரம் வாங்கச் சொன்னார். வத்ஹா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, என் நோட்டைப் புரட்டி ஜூலை 9-இல் விரலை வைத்தார்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். ஃபலாஹும், அதே வழியில் ஓட்டும் மித்அபும் ஒரே நேரத்தில் வந்து இறங்கினார்கள்.

"நீ சொருகு, அபூ நாயிஃப்" என்று ஃபலாஹை அவர் மகன் பெயரால் அழைத்துச் சொன்னார் மித்அப்.

"சேச்சே, நீ சொருகு. உன் வண்டியில ஆளுங்க இருக்காங்க."

"நீ முதல்ல சொருகலேன்னா என் பொண்டாட்டிக்கு தலாக்!"

"உனக்கு முன்னாடி நான் சொருகினா என் பொண்டாட்டிக்கும் தலாக்!"

மித்அப் காரின் பின்சீட்டிலிருந்த கிழவி தலையை நீட்டினாள். "ரெண்டு பொண்டாட்டியும் தப்பிச்சாளுங்க. நான் எப்படா வீட்டுக்குப் போறது?"

பதினான்கு நிமிடம் இயந்திரம் சும்மா நின்றது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சொருகினார்கள், வேகம் பாதியானது. மற்றவனை விட்டுவிட்டு முதலில் கிளம்புவது மரியாதையில்லை என்று இருவரும் நூறு வரை உட்கார்ந்தார்கள். நேரத்தைத் தின்பது இந்த மரியாதைதான் என்று நான்கு மாதம் நிமிடங்களை எழுதிய எனக்குத் தோன்றவில்லை. வத்ஹாவுக்குத் தோன்றியது.

ஆகஸ்ட் 20 அன்று அதே இருவரும் வந்தார்கள். அதே ஆணைகள். காபிக் கெண்டியோடு வந்த வத்ஹா இரண்டு காரிலும் எட்டிப் பார்த்தார். ஃபலாஹின் காரில் மீதி சார்ஜ் இருபது சதவீதம், மித்அபின் காரில் முப்பத்தொன்று. கெண்டியை என் கையில் திணித்துவிட்டு, வயரை எடுத்து ஃபலாஹின் காரில் சொருகினார்.

"உம் ராகான்! நான் ஆணை போட்டிருக்கேன்!" என்று வத்ஹாவை அவர் மகன் பெயரால் அழைத்துக் கத்தினார் ஃபலாஹ்.

"நீ சொருக மாட்டேன்னுதானே போட்ட? சொருகினது நான். மித்அப், நீயும் அவன் முதல்ல சொருகணும்னு ஆணை போட்டல்ல? என் முற்றத்துல என் கைதான் எல்லார் கையும். உங்க பொண்டாட்டிங்க பத்திரமா இருக்காங்க. காபியைக் குடிங்க."

எண்பது வந்ததும் வயரை உருவினார். ஃபலாஹுக்கு முகம் சிவந்துவிட்டது.

"விருந்தாளியைப் பாதிச் சாப்பாட்டுல எழுப்புறியே!"

"மஆனுக்கு அம்பதே போதும். மீதி இருபதுக்காக இன்னும் முக்கால் மணி நேரம் என் மூஞ்சியைப் பாக்கணும். வேணுமா?"

"வேணாம்!" என்று காருக்குள்ளிருந்து மூன்று குரல்கள் வந்தன.

அன்றிலிருந்து அந்த வயரை வத்ஹாவைத் தவிர யாரும் தொட்டதில்லை. குறைவாக இருக்கும் கார் முதலில், எண்பதில் நிறுத்தம். செப்டம்பரில் வத்ஹாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு இயந்திரத்தின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாய் கடுமை, காபி அதைவிடக் கசப்பு. ஆனால் எல்லோரும் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது மனிதர்களைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 30 வரை மஆன் கார்கள் 212 முறை நின்றன. சராசரி 36 நிமிடம்.

செப்டம்பர் முடிந்தது. மஆனிலிருந்து பதில் இல்லை. அக்டோபர் முழுக்க வத்ஹா யாரிடமும் கேட்கவில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் மட்டும் வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டார்.

பிறகு வந்த கடிதத்தில் பதினைந்து கையெழுத்துகள் இருந்தன. பழைய பதினோரு பேரும் காரை விற்கவில்லை. டீசல் ஓட்டிய நால்வர் தங்கள் காரை விற்று மின்சாரக் கார் வாங்கியிருந்தார்கள். அடியில் ஃபலாஹின் கையெழுத்தில் ஒரு வரி: "எண்பதுக்கு மேல் கேட்க மாட்டோம்." வத்ஹா அதை என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார். அவர்களிடமிருந்து அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை.

அந்தப் பதினைந்து கையெழுத்துக் கடிதம் வந்து சேர்ந்த நாள்: 2024 நவம்பர் 14, வியாழக்கிழமை.