சேலைக்குள் வைத்த வசிய வேர்

வவுனியாவில் ஒரு கடைவாசலில் வெட்டிவேர் மணத்தது. பரிமளம் மாமியின் நினைவு வந்தது.

ஒட்டுசுட்டானில் நான் சிறுமியாக இருந்தபோது, அப்பாவின் தங்கையான அவர் பஸ் சாரதி ஒருவரை மனதுக்குள் விரும்பினார். அந்த மனிதரைத் தன்பக்கம் இழுக்க, மந்திரித்த வெட்டிவேரை அலுமாரியில் சேலைகளுக்கிடையே ஒளித்துவைத்தார்.

“ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதை, பிள்ளை” என்று என்னைக் கெஞ்சினார்.

அவருடைய தங்கை சின்ன மாமியும் அந்தச் சேலைகளைத்தான் உடுத்துவார். சாரதி ஒருநாள் வீட்டுக்கு வந்து, சின்ன மாமியைப் பெண்கேட்டார்.

“மூத்தவள் நீ இருக்க எப்பிடிச் செய்யிறது?” என்று அப்பா பரிமளம் மாமியிடம் கேட்டார்.

“செய்து வையுங்கோ, அண்ணை. நல்ல மனுசன்.”

பிறகு தனக்கு வந்த சம்பந்தங்களையெல்லாம் மாமி தட்டிக்கழித்தார். நான் வளர்ந்தபின் ஒருமுறை காரணம் கேட்டேன்.

“வேரை நம்பிக்கொண்டு இருந்திட்டன். அவரோட ஒருநாளாவது வாய்திறந்து கதைச்சிருக்கலாம்” என்றார்.